வீட்டுக் கணக்கும் நமது எழுத்தும்

மூத்த தலைமுறையினர் இளைய தலைமுறையினர்மீது சுமத்தும் குற்றச்சாட்டுகளுள் ஒன்று மட்டும் எக்காலத்தும் மாறுவதில்லை. "நாங்கள் சிக்கனமாக வாழ்ந்தோம், இன்றையவர்கள் கண்டதையெல்லாம் வாங்கிக் கடனாளிகள் ஆகின்றார்கள்" என்பதே அது. கலியாணப் பந்தலிலும், சனசமூக நிலையத்து வாங்கிலும், பஸ் நிலையத்திலும் இக்கூற்றை நாம் கேட்கின்றோம். இது வெறும் திண்ணைப் பேச்சாக நின்றிருந்தால் நாம் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் நமது சிறுகதைகளும் நாடகங்களும் இதே தீர்ப்பை மறுபடி மறுபடி எழுதி வருகின்றன. ஆடம்பரத்தில் மோகங்கொண்ட மனைவி, அவளாற் கடன்பட்டுச் சீரழியும் கணவன், இறுதியில் வந்து அறிவுரை கூறும் கிழவர் என்னும் மூவரையும் நாம் எத்தனை கதைகளிற் சந்தித்துவிட்டோம்!

ஒரு வீட்டின் செலவு காலத்துக்குக் காலம் மாறுவது ஏன்? மனித மனத்தின் பலவீனமா அதற்குக் காரணம்? அன்றி, அவ்வீட்டைச் சூழ்ந்துள்ள சமுதாயத்தின் அசைவா? இவ்வினாவுக்குச் சரியான விடை காணாத எழுத்தாளன், தன் பாத்திரங்களுக்கு நியாயம் வழங்க முடியாது என்பது நமது கருத்து.

1857 ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் இரண்டு நூல்கள் வெளிவந்தன. ஒன்று, ஜேர்மானியப் புள்ளிவிபர அறிஞர் ஏர்ன்ஸ்ற் ஏங்கல் எழுதிய ஆய்வு. (இவர் மார்க்சின் தோழர் ஏங்கல்ஸ் அல்லர், பெயரொற்றுமையால் மயங்க வேண்டியதில்லை.) பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுக் கணக்குகளை அவர் ஆராய்ந்தார். அக்குடும்பங்கள் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டிருந்தன. தரும உதவியில் வாழ்ந்தோர் தமது செலவில் நூற்றுக்கு ஏறத்தாழ 71 பங்கை உணவுக்குக் கொடுத்தனர். உதவியின்றி ஒருவாறு சமாளித்தோர் 67 பங்கைக் கொடுத்தனர். சற்று வசதியாக வாழ்ந்தோருக்கு அது 62 பங்காக இருந்தது. வறுமை மிகுந்த வீட்டிலே உணவுக்குச் செல்லும் பங்கு பெரிதாகவும், வருமானம் ஏற ஏற அப்பங்கு சிறிதாகவும் இருக்கும் என்னும் விதி இவ்வாறு பிறந்தது. இன்றும் உலகின் புள்ளிவிபரத் திணைக்களங்கள் இவ்விதியைக் கைவிடவில்லை.

மற்றது, புளோபேர் எழுதிய 'மேடம் பொவாரி' என்னும் நாவல். மேலோட்டமாகப் படிப்போருக்கு அதுவும் நமது கிழவர்களின் கதையாகவே தோன்றும். பட்டும் திரைச்சீலையும் வாங்கிக் கடன்பட்டு, நஞ்சுண்டு மடிகின்ற ஒரு மருத்துவனின் மனைவியே கதாநாயகி. ஆயினும், அவளுக்குக் கேட்கும்போதெல்லாம் கடன் கொடுத்து, உறுதிச் சீட்டுகளைப் புதுப்பித்துப் புதுப்பித்து, ஈற்றில் வீட்டுச் சாமான்களையே சட்டத்தின் மூலம் பறிக்க வைக்கும் புடைவை வியாபாரி லெரோவை அந்நாவலாசிரியர் நமது பார்வையிலிருந்து தப்பவிடவில்லை. பெற்றோர் இருவரும் இறந்தபின், அனாதையான மகள் பஞ்சாலைக்குக் கூலி வேலைக்கு அனுப்பப்படுகிறாள் என்று கூறி அவர் கதையை முடிவுக்குக் கொண்டுவருகிறார். தாய் வாங்கிய பட்டின் விலையை மகள் பஞ்சாலையிற் செலுத்துகிறாள். இது ஒழுக்க உபதேசம் அன்று. கடன் என்பது எவ்வாறு ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்கு நகர்கிறது என்பதைக் காட்டும் சமுதாயச் சித்திரம்.

எண்களால் ஒருவர் கூறியதையும் கதையால் மற்றவர் கூறியதையும் சேர்த்து நமது நாட்டு வீடுகளை நோக்குவோம்.

1980-81 ஆம் ஆண்டளவில் இலங்கைக் குடும்பமொன்று தன் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை உணவுக்குக் கொடுத்தது. 2016 ஆம் ஆண்டு ஆய்வின்படி இது நூற்றுக்கு 34.8 ஆகக் குறைந்திருந்தது. ஏங்கலின் விதிப்படி இது முன்னேற்றத்தின் அறிகுறி. முன்னேற்றம் எதுவும் நிகழவில்லை என்று நாம் வாதாட வரவில்லை. ஓட்டு வீடுகளும், மின்விளக்குகளும், பள்ளி செல்லும் பிள்ளைகளும் பெருகியமை கண்கூடு. ஆனால் உணவின் பங்கு சுருங்குவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. உண்டு நிறைந்தபின் மீந்த பணம் வேறு தேவைகளுக்குச் செல்வது ஒரு வழி. வேறு தேவைகள் வாசலில் வந்து நின்று பணத்தைப் பிடுங்கிக்கொள்ள, உணவு தன் பங்கை இழப்பது மறு வழி. இவ்விரண்டையும் சதவீதம் வேறுபடுத்திக் காட்டாது. வீட்டுக் கணக்குக் கொப்பிதான் காட்டும்.

1950 ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணக் கிராமத்து நடுத்தரக் குடும்பமொன்று எழுதியிருக்கக்கூடிய கொப்பியை நினைத்துப் பார்ப்போம். அரிசி, சீனி, மண்ணெண்ணெய், துணி, கோயில் உபயம், கலியாண மொய் என்று சில வரிகளே அதில் இருக்கும். இதைக் கண்டுதான் "என்ன சிக்கனம்!" என்று வியக்கிறோம். ஆனால் அக்கொப்பியில் எழுதப்படாதவை எவை என்று கேட்டோமா? கிணற்று நீருக்கு விலை இல்லை. விறகும் ஓலையும் வளவில் கிடைத்தன. நெல்லைக் குற்றியதும், மாவை இடித்ததும், ஒடியலும் பனாட்டும் ஆக்கியதும், பெட்டி கடகம் இழைத்ததும் பெண்களின் கைகள். அவ்வுழைப்புக்குக் கூலி இல்லையாதலால் கணக்கிலும் இடமில்லை. துணி வெளுத்தவனுக்கும் மயிர் வினைஞனுக்கும் அறுவடைக் காலத்தில் சிறிது நெல்லும், நன்மை தீமைகளில் சில உரிமைகளும் கிடைத்தன. வயலில் உழைத்த தாழ்த்தப்பட்ட மக்களின் உழைப்பு குடிமை முறையின் பேரால் மலிவாகக் கிடைத்தது. 'அந்தக் காலத்துச் சிக்கனம்' என்று போற்றப்படுவதில் ஒரு பகுதி உண்மையான கட்டுப்பாடு; மறுபகுதி பிறருடைய உழைப்புக்கு உரிய விலை கொடுக்காமை. இன்று அவ்வுழைப்பாளரின் பேரன் சலூன் வைத்திருக்கிறான். ஆளுக்கு இவ்வளவு என்று பணம் கேட்கிறான். பெண்கள் பாடசாலைக்கும் அலுவலகத்துக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் செல்கிறார்கள். ஆகையால் இடித்த மா கடையிலிருந்து வருகிறது. இச்செலவுகள் கொப்பியில் ஏறியமை சீரழிவு அன்று. இதுவரை மறைந்திருந்த உழைப்பு வெளிச்சத்துக்கு வந்தமையே ஆகும்.

அக்கொப்பியின் பின்னால் மற்றோர் ஆதரவும் நின்றது. அதுதான் பங்கீட்டு அரிசி. 1942 இல் போர்க்காலத் தேவைக்காகத் தொடங்கிய பங்கீடு, சுதந்திரத்தின் பின் ஏழை வீடுகளின் முதுகெலும்பாயிற்று. 1953 இல் கொத்து 25 சதம் விற்ற அரிசியை 70 சதமாக உயர்த்தியபோது என்ன நிகழ்ந்தது? ஓகஸ்ட் 12 ஆம் திகதி நாடு ஹர்த்தாலில் ஸ்தம்பித்தது, உயிர்கள் பலியாயின, ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். சமையலறைக் கணக்கின் ஒரு வரி, அரசாங்கத் தலைவரை இறக்கியது. வீட்டுச் செலவு அரசியல் அன்று எனக் கூறுவோர் இதை நினைவுகூர வேண்டும்.

அதன்பின் அவ்வரி சிறிது சிறிதாகக் கொப்பிக்குள் திரும்பி வந்தது. 1966 இல் இரண்டு கொத்துப் பங்கீடு ஒரு கொத்தாகக் குறைக்கப்பட்டது. அந்த ஒரு கொத்து இலவசமாக வழங்கப்பட்டது. 1970 ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி தடுக்கப்பட்டதால் யாழ்ப்பாணத் தோட்டக்காரன் நல்ல விலை கண்டான். அதே ஆண்டுகளில் நகரத்தில் பாணுக்கு வரிசை நின்றது. மலைநாட்டுத் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. ஒரே நாட்டில், ஒரே ஆண்டில், ஒருவன் கொப்பியில் வரவு பெருகியது. மற்றொருவன் அடுப்பு அணைந்தது. 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்தது. இறக்குமதி வெங்காயம் வந்து இறங்கத் தோட்டக்காரன் சரிந்தான். 1979 இல் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. அரிசி அளவாகக் கிடைத்த இடத்தில் இப்போது ரூபாய் கிடைத்தது. விலைகள் ஏற, முத்திரையின் முகமதிப்பு அசையாது நின்றது. முன்னர் அரசாங்கம் தாங்கிய பாரம் ஓசையின்றி வீட்டின் தோளுக்கு மாறியது.

பின்னர் வந்தது போர். வீட்டுச் செலவை அளந்த அரச ஆய்வுகளில் 1990-91 முதல் 2006-07 வரை வடமாகாணம் இடம்பெறவில்லை. 25 மாவட்டங்களும் முழுமையாக அடங்கியது 2012-13 ஆம் ஆண்டு ஆய்விலேயே. ஆகவே 'இலங்கைக் குடும்பத்தின் செலவுப் பழக்கம்' என்று அட்டவணைகள் கூறும் நீண்ட காலத்தில், நமது வீடுகளின் ஏடு வெற்றேடாகவே உள்ளது. 1990 இல் மின்சாரம் நின்றது. எரிபொருளும் பற்றரியும் சவர்க்காரமும் தடைப்பட்டன. ஜாம் போத்தலில் திரி வைத்துச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் எரித்துப் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். பனம்பழக் களியால் துணி வெளுத்தார்கள். இடப்பெயர்வின்போது தலைமுறைகள் சேர்த்த தளபாடம் ஒரே இரவில் கைவிடப்பட்டது. பொருள் மீது நம்பிக்கை இழந்த ஒரு தலைமுறையும், பொருளுக்காக ஏங்கிய ஒரு தலைமுறையும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தன. புள்ளிவிபரம் விட்ட இவ்விடத்தை நிரப்பும் கடமை யாருடையது? எழுத்தாளனுடையது அல்லவா? தடைக்காலத்தின் துன்பத்தை நாம் எழுதியிருக்கிறோம். ஆனால் அக்காலத்து வீட்டின் கணக்கை, இன்னது கிடைக்காதபோது இன்னதைக் கொண்டு சமாளித்தோம் என்னும் அன்றாட அறிவை, போதிய அளவு எழுதவில்லை.

2009 இல் போர் முடிந்தது. கண்டி வீதி வழியாகக் குத்தகைக் கொம்பனிகளும், நுண்கடன் முகவர்களும், கைத்தொலைபேசியும் வந்து சேர்ந்தன. கொப்பியில் புதிய வரிகள் தோன்றின: மோட்டார் சைக்கிள் தவணை, குழுக்கடன் வாரக்கட்டணம், ரீலோட், ரியூட்டரிக் காசு. இவற்றைத்தான் நமது கிழவர்கள் 'ஊதாரித்தனம்' என்கின்றனர். ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கணவனை இழந்த ஒரு பெண் கோழி வளர்க்கக் கடன் எடுக்கிறாள். கோழி நோயில் சாகிறது. வாரந்தோறும் முகவர் படலையில் வந்து நிற்கிறார். முதற்கடனை அடைக்க இரண்டாவது கடன் எடுக்கிறாள். புளோபேரின் புடைவை வியாபாரி இப்போது மோட்டார் சைக்கிளில் வருகிறார், அவ்வளவுதான் வேறுபாடு. 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஓரிலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் நிலைக்கு அரசாங்கமே வந்தது. இத்தனை மாவட்டத்துப் பெண்களும் ஒரே காலத்தில் ஊதாரிகளாகிவிட்டார்கள் என்று கூறுவது அறிவுக்குப் பொருந்துமா?

கல்வியை எடுத்துக்கொள்வோம். 1945 முதல் இந்நாட்டில் கல்வி இலவசம். ஆனால் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் தொடக்கம் உயர்தரம் வரை ரியூட்டரி இன்றிச் சித்தியடையலாம் என்று எந்தத் தாயாவது துணிந்து கூறுவாளா? வைத்தியமும் இலவசம், ஆயினும் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வரும்போது 'வெளியில் வாங்கவும்' என்னும் துண்டு கையிலிருக்கிறது. கைத்தொலைபேசியையும் ஆடம்பரம் என்றோம். 2020 இல் கொள்ளைநோய் பாடசாலைகளை மூடியபோது, அது இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு வகுப்பே இல்லாமற் போயிற்று. நேற்றைய ஆடம்பரத்தை இன்றைய அத்தியாவசியமாக்குவது வாங்குபவனின் மனம் மட்டும் அன்று. பொதுச் சேவை பின்வாங்கும் ஒவ்வோர் அடியும் வீட்டுக் கொப்பியில் ஒரு புதிய வரியை எழுதுகிறது. உணவின் பங்கு சுருங்கியதன் மறுபக்கம் இதுவே.

மலைநாட்டு லயத்துக்கு வருவோம். அங்கே முற்காலத்தில் கொப்பியைத் தோட்ட நிர்வாகமே வைத்திருந்தது. கொடுத்த அரிசிக்கு உரிய தொகையைச் சம்பளத்திற் கழித்துக்கொண்டு மீதியைத் தந்தது. செலவு செய்யும் சுதந்திரம்கூடத் தொழிலாளிக்கு இல்லை. நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் என்னும் கோரிக்கை நிறைவேற 2021 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே கோதுமை மாவின் விலை மும்மடங்குக்கு மேல் ஏறியது. ரொட்டியே உணவான வீட்டில் அவ்வாயிரத்தின் மதிப்பு என்ன ஆயிற்று என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

2022 ஆம் ஆண்டு நமது வாதத்துக்கு இறுதிச் சான்று. ஏப்பிரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டில் நூற்றுக்கு 69.8 ஏறியிருந்தது, உணவுப் பொருள்கள் மட்டும் 94.9 ஏறியிருந்தன. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2023 இல் நடத்திய ஆய்வில், நூற்றுக்கு 60.5 குடும்பங்கள் தமது வருமானம் குறைந்ததாகவும், 91 குடும்பங்கள் தமது செலவு கூடியதாகவும் கூறின. அவ்வாண்டுகளில் வீடுகளில் நிகழ்ந்தவற்றை நாம் அறிவோம். முதலில் மீனும் முட்டையும் குறைந்தன. பின்னர் பால்மா நின்று வெறுந்தேநீர் வந்தது. பின்னர் காப்பு அடைவு கடைக்குச் சென்றது. பின்னர் பிள்ளையின் ரியூட்டரி நின்றது. இவ்வொழுங்கைத் தீர்மானித்தவள் பெரும்பாலும் தாய். தன் தட்டிலிருந்து எடுத்தே அவள் தொடங்கியிருப்பாள். இதை எந்த அட்டவணையும் காட்டுவதில்லை. ஏனெனில் அட்டவணை வீட்டை ஓர் அலகாகக் கொள்கிறது. வீட்டுக்குள் யார் குறைவாக உண்டார் என்று அது கேட்பதில்லை.

'ஊதாரி' என்னும் சொல் வெறும் வசை அன்று. அதற்கு நடைமுறை விளைவு உண்டு. 2023 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த 'அஸ்வெசும' திட்டத்தில், வீட்டின் நிலை, உடைமை, கல்வி, உடல்நலம் முதலியவை பற்றிய 22 குறிகாட்டிகளைக் கொண்டு உதவிக்குரியோர் தெரியப்பட்டனர். அளவுகோல் ஒன்று வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் உடைமையைக் காண்பது எளிது. அதன்மேல் உள்ள கடனைக் காண்பது எளிதன்று. வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளைக் கண்டு 'இவனுக்கு என்ன குறை' என்று அயலவன் கூறும்போது, மீன் பெட்டி கட்டி அதிகாலையிற் சந்தைக்கு ஓடுவதற்காகவே அது தவணையில் வாங்கப்பட்டது என்பது மறைந்துபோகிறது. நமது கதைகள் அந்த அயலவனின் கண்ணாகவே தொடர்ந்து இருக்க வேண்டுமா?

இங்கே முற்போக்கு எழுத்தாளராகிய நம்மையும் நாம் விமர்சித்துக்கொள்ள வேண்டும். மரபுவாதி ஏழையை ஊதாரி என்றான். நாமோ அவனை வெறும் வயிறாக்கினோம். நமது கதைகளில் வரும் தொழிலாளி பசியை அன்றி வேறெதையும் அறியாதவன். அவன் மகளுக்கு ஒரு சோடி கொலுசு வாங்க ஆசைப்படுவதில்லை. திருவிழாவில் ஐஸ்கிறீம் தின்பதில்லை. ஆசை என்பது முதலாளித்துவக் குற்றம் என்பது போல அதை அவனிடமிருந்து பறித்துவிட்டோம். இவ்விரண்டு பார்வையும் அவனுடைய மனிதத் தன்மையை மறுப்பதில் ஒன்றுபடுகின்றன.

ருஷ்ய எழுத்தாளர் கோகொல் 1842 இல் வெளியிட்ட 'மேற்கோட்டு' என்னும் கதையை இங்கு நினைவூட்ட விரும்புகிறோம். ஏழை எழுதுவினைஞன் ஒருவன் 80 ரூபிளுக்கு ஒரு கோட்டுத் தைக்க வேண்டியிருக்கிறது. அதற்காக மாலைத் தேநீரை நிறுத்துகிறான். மெழுகுதிரி ஏற்றாது விடுகிறான். செருப்பின் அடி தேயாதிருக்க மெதுவாக அடியெடுத்து நடக்கிறான். இந்த வரவு செலவுத் திட்டமே கதையின் உயிர். கோட்டைக் கனவு கண்டு சேமிக்கும் மாதங்களில்தான் அவன் வாழ்வு பொருள் பெறுகிறது. கோட்டைப் போட்ட முதல் இரவே அது பறிபோகும்போது நமக்கு ஏற்படும் துயரம், ஒவ்வொரு கொப்பெக்கும் எங்கிருந்து வந்தது என்று நாம் அறிந்திருப்பதால் ஏற்படுவது. கோகொல் அவனை ஊதாரி என்றும் கூறவில்லை. வெறும் பசித்த வயிறாகவும் காட்டவில்லை. அவனுடைய கணக்கை நமக்குக் காட்டினார்.

நாம் வேண்டுவதும் இதுவே. கடன்பட்ட ஒருத்தியைப் பற்றிக் கதை எழுதப் புகுமுன், அவள் எவ்வளவு கடன் எடுத்தாள், எதற்காக எடுத்தாள், வட்டி என்ன, எந்த வாரம் தவணை தவறியது, அவ்வாரம் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்பவற்றை எழுத்தாளன் கேட்டறியட்டும். அறிந்தபின் அவளைக் குற்றஞ்சாட்ட மனமிருந்தால் அவ்வாறே எழுதட்டும். பெரும்பாலும் அவனுக்கு அம்மனம் இராது. பழைய கொப்பிகள் பல வீடுகளின் தட்டுமுட்டுப் பெட்டிகளில் இன்னும் கிடக்கின்றன. இடப்பெயர்விலும் கைவிடாது காணி உறுதியோடு சேர்த்துக் கொண்டுசென்ற கொப்பிகளும் உண்டு. அவற்றை எரிக்குமுன் ஒருமுறை படித்துப் பார்க்குமாறு வாசகரைக் கேட்டுக்கொள்கிறோம்.